கால்வாய் முதலில், கரைப்பாதை பிறகு

நகரக் கால்வாய்களின் கரைகளை மக்கள் நடக்கும் பாதைகளாகவும் கூடும் இடங்களாகவும் மாற்றுவது குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் விடை தருகிறோம். ஒரே பொருளைப் பற்றிய கடிதங்களை ஒரு கேள்வியாக இணைத்திருக்கிறோம்.

கேள்வி: எங்கள் பகுதியின் நடுவே ஓடும் கால்வாய் துர்நாற்றம் வீசும் சாக்கடையாகிவிட்டது. அதைக் காங்கிரீட் பலகைகளால் மூடி, மேலே சாலையோ வாகன நிறுத்தமோ அமைத்தால் இடமும் கிடைக்கும், நாற்றமும் தீரும் என்று அக்கம்பக்கத்தார் சொல்கிறார்கள். திறந்தே வைத்திருப்பதில் என்ன நன்மை?

பதில்: மூடினால் நாற்றம் சில காலம் குறையும், அதற்குக் காரணமான கழிவு உள்ளேயே இருக்கும். காற்றோட்டம் இல்லாத நீரில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும்போது, அடியில் படிந்த சேற்றில் வாழும் நுண்ணுயிரிகள் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை உண்டாக்குகின்றன. மூடிய கால்வாயின் ஈரமான கூரையில் அந்த வாயு கந்தக அமிலமாக மாறி, காங்கிரீட்டையும் அதனுள் இருக்கும் இரும்புக் கம்பிகளையும் அரிக்கிறது. தூர்வாரும் இயந்திரம் இறங்க வழியில்லாததால் மண் சேர்ந்துகொண்டே போய், நீர் செல்லும் வழி ஆண்டுதோறும் குறுகுகிறது. கடைசியில் ஒரு பெருமழையில் வெள்ளம் தெருவுக்கு வந்துவிடுகிறது. இவை எல்லாவற்றிலும் கொடியது, அடைப்பை நீக்குவதற்கு மனிதரையே அந்த இருட்டுக்குள் இறக்கும் நிலை ஏற்படுவதுதான். அந்த வாயு மிகுந்திருக்கும் இடத்தில் ஓரிரு முறை மூச்சிழுத்தாலே மயங்கி விழுந்து உயிரிழக்க நேரிடும். கால்வாயை மூடக் கூடாது என்பதற்கு வேறு எந்தக் காரணமும் இல்லாவிட்டாலும் இந்த ஒன்றே போதுமானது என்பது என் உறுதியான கருத்து.

மூடிப் பார்த்துவிட்டு, பெரும் பொருட்செலவில் மீண்டும் திறந்த நகரங்கள் இருக்கின்றன. தென்கொரியாவின் சியோல் நகரில் ஓடும் சொங்கெசொன் ஓடையை 1958 முதல் படிப்படியாக மூடி, அதன்மேல் சாலையும், அந்தச் சாலைக்கு மேலே உயர்த்திக் கட்டிய விரைவுச் சாலையும் அமைத்தார்கள். கட்டுமானம் நலிவடைந்து பழுதுபார்க்கும் செலவு பெருகிய நிலையில், அன்றைய மேயர் லீ மியுங்-பாக் 2003 ஜூலையில் அதை இடிக்கத் தொடங்கினார். 2005 அக்டோபரில் ஏறத்தாழ 5.8 கிலோமீட்டர் நீள ஓடை மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. சில தெருக்கள் தள்ளி இணையாகச் செல்லும் சாலையோடு ஒப்பிட்டபோது ஓடையோரத்தில் வெப்பம் 3.3 முதல் 5.9 டிகிரி செல்சியஸ் வரை குறைவாக இருந்ததாக அளந்திருக்கிறார்கள். நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில், பழைய நகரைச் சுற்றியிருந்த அகழிக் கால்வாயின் ஒரு பகுதியை 1970களில் தூர்த்து அகலமான வாகனச் சாலை போட்டார்கள். 2002ஆம் ஆண்டில் நகர மக்களிடம் நேரடியாக வாக்கெடுப்பு நடத்தி, நீரை மீட்டெடுக்கும் திட்டத்தைத் தேர்ந்தார்கள். 2020 செப்டம்பரில்தான் நீர்வளையம் மறுபடி முழுமை பெற்றது. மூடுவதற்குச் சில ஆண்டுகள் போதும், திறப்பதற்கு ஒரு தலைமுறை ஆகிறது என்பதை உங்கள் அக்கம்பக்கத்தாரிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

கேள்வி: கரையில் அழகான நடைபாதையும் விளக்குகளும் இருக்கைகளும் அமைத்துவிட்டால், மக்கள் வரத் தொடங்குவார்கள், மக்கள் வந்தால் நீரைச் சுத்தம் செய்ய வேண்டிய கட்டாயம் தானாகவே உண்டாகும் என்று ஒரு கருத்து இருக்கிறது. இது சரியா?

பதில்: கேட்பதற்கு நியாயமாகத் தோன்றினாலும், நடைமுறையில் இந்த வரிசையே பல திட்டங்களைப் பாழாக்கியிருக்கிறது. நாற்றமடிக்கும் நீருக்கு அருகில் போட்ட இருக்கையில் யாரும் அமர்வதில்லை. ஆள் நடமாட்டம் இல்லாத பாதையில் விளக்குகள் உடைகின்றன, குப்பை சேர்கிறது. சில ஆண்டுகளில், “மக்களுக்கு இதில் ஆர்வமில்லை” என்று சொல்லித் திட்டத்தையே கைகழுவிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு நீரைச் சுத்தம் செய்ய நிதி கேட்பவரின் பேச்சு எடுபடுவதில்லை.

உங்கள் கால்வாயில் என்ன ஓடுகிறது என்பதை அறிய எளிய வழி ஒன்று உண்டு. மழை பெய்து பல வாரங்கள் ஆன பிறகு, கரை நெடுக நடந்து பாருங்கள். ஆற்றிலிருந்தோ ஏரியிலிருந்தோ நீர் வராத மழைநீர்க் கால்வாய் அந்த நாளில் ஏறக்குறைய வறண்டு கிடக்க வேண்டும். அப்போதும் குழாய்களின் வழியே நீர் கொட்டிக்கொண்டிருந்தால், அதில் பெரும்பகுதி வீடுகளிலிருந்தும் கடைகளிலிருந்தும் பட்டறைகளிலிருந்தும் வரும் கழிவுநீர்தான். அந்தக் குழாய்கள் ஒவ்வொன்றையும் கண்டுபிடித்து, கரையோரமாகப் பதிக்கப்படும் ஒரு பெரிய இடைமறிப்புக் குழாயில் சேர்த்து, சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுசெல்வதே முதல் வேலை. இது கண்ணுக்குத் தெரியாத, திறப்பு விழாவுக்கு உதவாத வேலை. ஆனால் கரைப்பாதையின் தலைவிதியை இதுவே தீர்மானிக்கிறது. இதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. அந்தக் குழாயைப் பதிப்பதற்குக் கரையைத் தோண்டத்தான் வேண்டும். தோண்டிய இடத்தை மூடும்போதே அதன்மேல் பாதையை அமைத்துவிட்டால், ஒரே செலவில் இரண்டு வேலையும் முடியும். பாதையை முதலில் போட்டுவிட்டுப் பிறகு குழாய்க்காக அதையே உடைப்பதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது.

கழிவை நிறுத்திய பிறகு எழும் கேள்வி, வறண்ட மாதங்களில் கால்வாயில் ஓடுவதற்கு நீர் எங்கிருந்து வரும் என்பது. சியோலில் ஹான் ஆற்றிலிருந்தும் சுரங்க ரயில் நிலையங்களில் ஊறும் நிலத்தடி நீரிலிருந்தும் நாள்தோறும் ஏறத்தாழ 1,20,000 டன் நீரை இறைத்துவிட்டுத்தான் ஓடையை ஓட வைக்கிறார்கள். அந்த இறைப்புக்கு ஓயாமல் மின்சாரம் செலவாகிறது என்பதால், அது இயற்கையான மீட்பு ஆகாது என்று சூழலியலாளர்கள் கண்டித்தார்கள். அந்தக் கண்டனத்தில் நியாயம் இருக்கிறது. நன்றாகச் சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீரையே கால்வாய்க்குத் திருப்பி விடுவது அதைவிடச் சிக்கனமானது. அதுவும் இயலாத இடத்தில், வறண்ட காலத்தில் கால்வாய் வறண்டே இருக்கலாம். புல்லும் நாணலும் வளர்ந்த சுத்தமான வறண்ட படுகை, தேங்கி நிற்கும் கறுத்த நீரைவிட எவ்வளவோ மேல்.

கேள்வி: வெளிநாட்டுக் கரைப்பூங்காக்களின் படங்களில் நீர்மட்டத்தை ஒட்டியே மக்கள் நடக்கிறார்கள், அமர்ந்திருக்கிறார்கள். பெருமழை பெய்யும் ஊர்களில் அப்படி அமைத்தால் பாதை வெள்ளத்தில் அடித்துச் செல்லப்படாதா? உயிருக்கு ஆபத்தில்லையா?

பதில்: மிகவும் தேவையான கேள்வி. கால்வாய் என்று நாம் ஒரே சொல்லால் குறிப்பிட்டாலும், அதில் குறைந்தது மூன்று வகை இருக்கின்றன. படகுப் போக்குவரத்துக்காக வெட்டிய கால்வாயில் நீர்மட்டத்தை மதகுகளால் கட்டுப்படுத்துகிறார்கள். அது ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்பதால், நீரிலிருந்து அரை மீட்டர் உயரத்தில்கூட நிரந்தரமான பாதை அமைக்கலாம். பாசனக் கால்வாயில் நீர் திறப்பதும் அடைப்பதும் முறைவைத்து நடப்பதால், பராமரிப்புக்காகக் கரையில் விடப்பட்ட வண்டிப்பாதையே நடைபாதையாகவும் பயன்படும். அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரத்துப் பாசனக் கால்வாய்க் கரைகளில் மக்கள் நடப்பதும் ஓடுவதும் அப்படித்தான். மழைநீர் வடிகாலாக உள்ள கால்வாயோ முற்றிலும் வேறானது. அதில் பல மாதங்கள் கணுக்கால் அளவு நீர்கூட இல்லாமல் இருந்து, ஒரு மணி நேர மழையில் ஆள் உயரத்துக்கு நீர் பாயலாம். படகுக் கால்வாயின் படத்தைப் பார்த்து வடிகாலில் பாதை கட்டுவதில்தான் உங்கள் அச்சம் உண்மையாகிறது.

வடிகாலில் பாதை அமைப்பதற்கு நான் ஏற்றுக்கொள்ளும் வழி, இரண்டு அடுக்குகளாகத் திட்டமிடுவது. அன்றாடம் பள்ளிக்கும் வேலைக்கும் செல்வோர் பயன்படுத்தும் முதன்மைப் பாதை கரையின் உச்சியில், வெள்ளம் எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். கீழே நீரை ஒட்டி அமைக்கும் பாதை, ஆண்டில் சில நாட்கள் மூழ்கும் என்பதை ஏற்றுக்கொண்டே கட்டப்பட வேண்டும்: அடித்துச் செல்லப்படாத கனமான கல் தளம், நீர் தடையின்றிப் புரண்டு ஓடும் வடிவம், குப்பை சிக்கிக்கொள்ளாத கைப்பிடிகள், நீரில் மூழ்கும் இடத்தில் மின்கம்பிகளோ விளக்குப் பெட்டிகளோ இல்லாமை. மேலே ஏறும் படிகளும் சாய்தளங்களும் அடிக்கடி இருந்தாக வேண்டும். ஏறும் வழி தொலைவில் இருக்கும் ஆழமான கால்வாயில், இருபுறமும் செங்குத்துச் சுவர்களுக்கு இடையே வெள்ளத்தில் மாட்டிக்கொள்பவருக்குத் தப்ப இடமில்லை. சொங்கெசொன்னில் மழை வலுக்கும்போது பாதைக்கு இறங்கும் வழிகளை அடைத்துவிடுகிறார்கள், ஏனெனில் அங்கே நீர்மட்டம் மிக விரைவாக உயர்ந்துவிடும்.

இதைச் செம்மையாகச் செய்துகாட்டியது சிங்கப்பூர். அங்கே பிஷான்–அங் மோ கியோ பூங்காவின் ஓரமாக, காலாங் ஆற்றின் 2.7 கிலோமீட்டர் நீளப் பகுதி நேரான காங்கிரீட் கால்வாயாக இருந்தது. அந்தக் காங்கிரீட்டை உடைத்தெடுத்து, 3.2 கிலோமீட்டர் நீளமுள்ள வளைந்து செல்லும் ஓடையாக மாற்றி, 2012இல் பூங்காவைத் திறந்தார்கள். சாதாரண நாளில் மக்கள் நீரின் விளிம்பு வரை சென்று கல்லின்மேல் அமரலாம். மழை பெய்தால் நீர் பூங்காவின் புல்வெளிக்குள் பரவி, மெதுவாக வடியும். நீர்மட்டம் உயர்வதை உணரும் கருவிகளும், எச்சரிக்கை விளக்குகளும், ஒலி அறிவிப்பும் பூங்கா முழுவதும் இருக்கின்றன. கரை அரிக்காமல் பிடித்துக்கொள்வதற்குக் காங்கிரீட்டுக்குப் பதிலாகச் செடிகளின் வேரையும் கல்லையும் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆனால் இதற்குப் பக்கத்தில் பூங்கா நிலம் இருந்தது என்பதை மறக்கக் கூடாது. இருபுறமும் கட்டடங்கள் நெருக்கும் கால்வாயில் இந்த முறை அப்படியே பொருந்தாது.

அமெரிக்காவின் சான் அன்டோனியோ நகரின் ஆற்றங்கரை நடைபாதையும் வெள்ளத்திலிருந்தே பிறந்தது. 1921 செப்டம்பரில் ஏற்பட்ட வெள்ளத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததும், நகரின் நடுவே வளைந்து செல்லும் ஆற்றுப்பகுதியை மூடிச் சாக்கடையாக்கிவிடும் யோசனை எழுந்தது. மக்கள் அமைப்புகள் எதிர்த்தன. கட்டடக் கலைஞர் ராபர்ட் ஹக்மன் 1929இல், ஆற்றின் வளைவை மக்கள் நடக்கும் இடமாக்கும் வரைபடத்தை முன்வைத்தார். 1939 முதல் 1941 வரை அது கட்டப்பட்டது. அதற்கு முன்பே மேற்புறத்தில் ஓர் அணையைக் கட்டி, வெள்ளம் நேராகச் செல்வதற்கு மாற்றுவழியும் வெட்டியிருந்தார்கள். 1990களில் நகருக்கு அடியில் ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நீள வெள்ளச் சுரங்கத்தையும் சேர்த்தார்கள். கரையில் இன்று நாம் காணும் நிம்மதியான நடமாட்டத்தைத் தாங்கி நிற்பவை, கண்ணுக்குத் தெரியாத இந்தக் கட்டுமானங்களே.

கேள்வி: நீர் ஓடும் கால்வாயைத் திறந்து வைத்தால் கொசு பெருகாதா?

பதில்: வேகமாக ஓடும் நீரில் கொசு பெருகுவதில்லை, பெரும்பாலும் தேங்கும் நீரில்தான் பெருகும். யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு, குறிப்பாகக் கழிவு கலந்து தேங்கிய நீரை விரும்புகிறது. வெப்பமான காலத்தில் முட்டையிலிருந்து கொசுவாக வளர ஒன்றரை வாரத்துக்கும் குறைவான நாட்களே போதும். எனவே கழிவை நிறுத்துவதும், நீர் தங்கும் பள்ளங்கள் இல்லாமல் படுகையைச் சரிவாக அமைப்பதும், மிதக்கும் குப்பையையும் ஆகாயத்தாமரையையும் அகற்றுவதுமே தீர்வு. ஓரளவு சுத்தமான நீரில் மீன்கள் தாமாகவே கொசுப்புழுக்களைத் தின்னும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் வீட்டைச் சுற்றியுள்ள பாத்திரங்களிலும் டயர்களிலும் தேங்கும் நீரில் வளர்வது. அதற்குக் கால்வாயைக் குறை சொல்வதில் பயனில்லை.

கேள்வி: கரைப்பாதை என்றாலே முதலில் கரையோரக் குடிசைகளை இடிக்கிறார்கள். அங்கே பிறந்து வளர்ந்தவர்களை ஊருக்கு வெளியே அனுப்பிவிட்டு, யாருக்காக இந்தப் பூங்கா? “பொது இடம்” என்று சொல்லும் உரிமை இதற்கு உண்டா?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. கால்வாய்க்குக் கரை இருந்தாக வேண்டும் என்பதும் உண்மைதான்: தூர்வாரும் இயந்திரம் செல்ல இடமில்லாவிட்டால், வெள்ளத்தில் முதலில் மூழ்குவது கரையோர வீடுகளே. ஆனால் கரையிலிருந்து சில மீட்டர்கள் பின்வாங்குவதும், பிழைப்பும் பள்ளியும் மருத்துவமனையும் இருக்கும் இடத்தை விட்டு நெடுந்தொலைவு தூக்கி எறியப்படுவதும் ஒன்றாகிவிடாது.

முதலாவதைச் செய்ய முடியும் என்பதற்கு பாங்காக்கின் லாட் பிராவ் கால்வாய் சான்றாக நிற்கிறது. அங்கே நீருக்குமேல் தூண்கள் ஊன்றிக் கட்டிய வீடுகளில் பல்லாயிரம் மக்கள் வாழ்ந்தார்கள். 2011இன் பெருவெள்ளத்துக்குப் பிறகு கரைச்சுவர் கட்ட அரசு முடிவெடுத்தபோது, 2003 முதல் நடந்துவந்த ‘பான் மன்கோங்’ என்னும் வீட்டுவசதித் திட்டத்தின் வழியே அந்தக் குடியிருப்புகளைச் சீரமைக்கத் தொடங்கினார்கள். மக்கள் கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து, அரசு நிலத்தை நீண்டகாலக் குத்தகைக்குப் பெற்று, குறைந்த வட்டிக் கடனில், கரையிலிருந்து பின்வாங்கிய வரிசை வீடுகளை அதே இடத்திலோ அருகிலோ கட்டிக்கொண்டார்கள். வீட்டு வாசலுக்கும் நீருக்கும் நடுவே கரைப்பாதை வந்தது. பேச்சுவார்த்தை மிகுந்த, மெதுவாக நகரும் வழி இது. உடன்படாத குடும்பங்களும் இருந்தன. ஆயினும் பாதையை முதலில் பயன்படுத்துகிறவர்கள் அங்கேயே வாழ்ந்தவர்கள் என்பதால், அதைக் காப்பவர்களும் அவர்களே ஆகிறார்கள். தினமும் விடியற்காலையில் அதே பாதையைக் கூட்டிப் பெருக்கும் கைகளுக்கு ஈடாக எந்த ஒப்பந்ததாரரையும் நியமிக்க முடியாது.

மறுபுறத்தையும் சொல்ல வேண்டும். நான் மேலே புகழ்ந்த சொங்கெசொன்னில், ஓடையோரத்துத் தெருவணிகர்கள் ஒரு பழைய விளையாட்டரங்கத்துக்கு மாற்றப்பட்டார்கள். சில ஆண்டுகளில் அந்த அரங்கமும் இடிக்கப்பட, அவர்கள் மறுபடி இடம்பெயர நேர்ந்தது. கனடாவின் மாண்ட்ரியல் நகரில் உள்ள லஷீன் கால்வாய் 1825இல் திறக்கப்பட்டு, 1970இல் சரக்குப் போக்குவரத்துக்கு மூடப்பட்டது. பின்னர் கரையில் மிதிவண்டிப் பாதை வந்தது, 2002இல் உல்லாசப் படகுகளுக்கும் திறக்கப்பட்டது. ஆலைத் தொழிலாளர்கள் வாழ்ந்த அதன் இரு கரைகளிலும் இன்று விலையுயர்ந்த அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. யாருடைய வீட்டையும் இடித்து வெளியேற்றாமலே, வாடகை உயர்வு அந்த வேலையைச் செய்துவிடும். எனவே குத்தகை உரிமை, வாடகைப் பாதுகாப்பு, சிறுவணிகர்களுக்கான இடம் ஆகியவற்றை முதல் கல் நடுவதற்கு முன்பே எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும். நிலத்தின் மதிப்பு உயர்ந்த பிறகு அந்த வாக்குறுதிகளைத் தர யாரும் முன்வரமாட்டார்கள்.

கேள்வி: நான் கல்லூரி மாணவி. கால்வாயோரப் பாதையில் சென்றால் பேருந்துக்குக் காத்திருக்காமல் விரைவாகப் போய்விடலாம். ஆனால் மாலையில் அங்கே ஆளே இல்லை. பகலில் மிதிவண்டிகளும் இருசக்கர வாகனங்களும் உரசிக்கொண்டு போகின்றன. பாதையைப் பாதுகாப்பாக ஆக்குவது எப்படி?

பதில்: நீங்கள் பாதையைப் போக்குவரத்து வழியாகப் பார்ப்பது மிகச் சரி. மாலை நடைக்கு மட்டும் வருவோரை நம்பி அமைத்த பாதை மற்ற நேரங்களில் வெறிச்சோடிவிடும். பள்ளி, சந்தை, ரயில் நிலையம், பேருந்து நிறுத்தம் ஆகியவற்றை இணைக்கும் பாதையில்தான் நாள் முழுவதும் ஆள் நடமாட்டம் இருக்கும்.

அதற்கு முதல் தேவை, அடிக்கடி வெளியேறும் வழிகள். ஒருபுறம் நீர், மறுபுறம் உயரமான மதில் என்று நெடுந்தொலைவு செல்லும் பாதையில், பின்னால் யாரோ வருவதை உணர்ந்தாலும் விலகிச் செல்ல இடமில்லை. ஒவ்வொரு குறுக்குத் தெருவும் பாதையோடு இணைய வேண்டும். கரையோரக் கட்டடங்கள் கால்வாய்க்கு முதுகைக் காட்டி நிற்காமல், சன்னல்களையும் வாசல்களையும் அந்தப் பக்கம் திறக்கும்படி கட்டட விதிகளில் சலுகை தரலாம். மதிலுக்குப் பதிலாகக் கம்பி வேலி வைக்கச் சொல்வதுகூட ஒரு தொடக்கம். பாலங்களின் அடியில் செல்லும் பகுதி எப்போதும் மிகவும் அச்சமூட்டுவது. அங்கே பகலிலும் விளக்கு எரிய வேண்டும், மறுமுனை நுழையும் முன்பே கண்ணுக்குத் தெரிய வேண்டும், அந்த வழியே போக விரும்பாதவருக்கு மேலே சாலையைக் கடக்கும் இடமும் வேண்டும். விளக்குகளின் ஒளி பாதையின்மேல் விழுந்தால் போதும். நீரின்மேல் பாய்ச்சும் வண்ண விளக்குகள் வௌவால்களையும் பூச்சிகளையும் கெடுப்பதோடு, அந்தப் பளபளப்புக்குப் பழகிய கண்ணுக்குப் பக்கத்தில் உள்ள இருட்டை இன்னும் ஆழமாக்குகின்றன.

அகலத்தைப் பொறுத்தவரை, இங்கிலாந்தின் கால்வாய்களில் படகை இழுத்துச் சென்ற குதிரைகளுக்காக அமைத்த குறுகிய பாதைகளே இன்றைய நடைபாதைகள். லண்டன் போன்ற நெரிசலான நகரத்தில் அதே பாதையில் மிதிவண்டிகளும் சேர்ந்ததால் நடப்போருக்கும் ஓட்டுவோருக்கும் ஓயாத பூசல் நிலவுகிறது. மூன்று மீட்டருக்குக் குறைவான பாதையில் இருவரையும் வேகமாகச் செல்ல விடுவது விபத்தை வரவழைப்பதாகும். இரு கரைகளும் இருந்தால் ஒரு கரையை நடப்போருக்கும் மறுகரையை மிதிவண்டிக்கும் ஒதுக்கலாம்; ஒரே கரை என்றால் நடப்பவருக்கே முன்னுரிமை என்று அறிவித்து, வேகத்தைக் குறைக்கும் தளமும் வளைவுகளும் அமைக்க வேண்டும். இருசக்கர மோட்டார் வாகனங்களைத் தடுக்க நுழைவாயிலில் வைக்கும் கம்பித் தடுப்புகள், சக்கர நாற்காலியையும் குழந்தை வண்டியையும் சேர்த்தே தடுத்துவிடுகின்றன என்பதைப் பொறியாளர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். சொங்கெசொன் திறக்கப்பட்டபோதே, சக்கர நாற்காலியில் வருவோர் இறங்கிச் செல்லப் போதிய வழியில்லை என்று மாற்றுத்திறனாளிகள் போராட வேண்டியிருந்தது.

கேள்வி: கட்டுவதற்கு எப்படியோ நிதி கிடைத்துவிடுகிறது. பராமரிப்புக்கு?

பதில்: பராமரிப்புக்கான வருவாயைக் காட்டாத திட்டத்துக்கு ஒப்புதல் தரவே கூடாது என்பேன். பாரிஸின் சென் மார்ட்டின் கால்வாயை ஏறக்குறைய பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை முழுவதும் வடித்து, மீன்களை வேறிடம் மாற்றி, அடியில் கிடக்கும் மிதிவண்டிகள் முதல் புட்டிகள் வரை அள்ளிச் சுத்தம் செய்கிறார்கள். பீனிக்ஸில் நீர்க்களைகளைக் கட்டுப்படுத்த, இனப்பெருக்கம் செய்ய இயலாத புல்கெண்டை மீன்களைக் கால்வாயில் விட்டிருக்கிறார்கள். அழகான கரைகளுக்குப் பின்னால் இவ்வாறான ஓயாத வேலை இருக்கிறது.

வருவாய்க்குக் கரையின் நிலத்தையே பயன்படுத்தலாம். லண்டனின் ரீஜண்ட்ஸ் கால்வாய்க் கரைப்பாதையின் அடியில் 1979இல் 4,00,000 வோல்ட் மின்வடங்களைப் பதித்தார்கள். கால்வாய் நீரே அவற்றைக் குளிர்விக்கிறது. நகரைத் தடையின்றி ஊடுருவிச் செல்லும் கால்வாய்க் கரை, மின்வடங்களுக்கும் தகவல் தொடர்பு இழைகளுக்கும் மிகவும் ஏற்ற வழி. அதற்கான வாடகையைப் பொது நிதியில் கரைத்துவிடாமல், அந்தக் கால்வாய்க்கென்றே தனிக் கணக்கில் சேர்க்க வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசு நிறுவனத்தின் பொறுப்பில் இருந்த ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர் நீள நீர்வழிகளை 2012இல் ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார்கள். சொத்து வருவாய், படகு உரிமக் கட்டணம், அரசு மானியம், நன்கொடை ஆகியவற்றோடு தன்னார்வலர்களின் உழைப்பையும் சேர்த்து அது இயங்குகிறது. ஆனால் தன்னார்வலரால் செடிகளைக் கவாத்து செய்யவும் வேலிக்கு வண்ணம் பூசவும் முடியும். மதகையும் கரைச்சுவரையும் அவர்கள் தலையில் சுமத்தக் கூடாது.

கேள்வி: எங்கள் தெருவில் சில குடும்பங்கள் மட்டுமே இதில் அக்கறை காட்டுகிறோம். எங்களால் என்ன செய்ய முடியும்?

பதில்: நடந்து பார்ப்பதிலிருந்து தொடங்குங்கள். அமெரிக்காவில் வாஷிங்டனிலிருந்து தொடங்கும் செசபீக்–ஓஹையோ கால்வாயின் வழித்தடத்தில் வாகனச் சாலை அமைக்கும் திட்டத்தை ஒரு முன்னணி நாளிதழ் 1954இல் ஆதரித்து எழுதியது. உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ், முடிவெடுப்பதற்கு முன் என்னோடு நடந்து வந்து பாருங்கள் என்று அதன் ஆசிரியர்களை அழைத்தார். அந்த ஆண்டு மார்ச்சில் ஏறத்தாழ 300 கிலோமீட்டர் நீளமுள்ள கரைப்பாதையில் ஒரு குழுவினர் நடந்தார்கள். முழுத் தொலைவையும் கடந்தவர்கள் பத்துப் பேர்கூட இல்லை. ஆனால் நாளிதழ் தன் நிலையை மாற்றிக்கொண்டது. சாலைத் திட்டம் கைவிடப்பட்டது. 1971இல் அந்தக் கால்வாய் தேசிய வரலாற்றுப் பூங்காவானது.

உங்கள் கால்வாய் சில கிலோமீட்டர்களே இருக்கும். உள்ளாட்சி உறுப்பினரையும் பொறியாளரையும் அழைத்துக்கொண்டு, மழையில்லாத மாதத்தில் ஒருமுறையும், மழை ஓய்ந்த மறுநாள் ஒருமுறையும் நடந்து செல்லுங்கள். கொட்டும் குழாய்கள், அடைபட்ட மதகுகள், கரை அறுந்த இடங்கள், பாதை துண்டிக்கப்பட்ட இடங்கள், நிழல் தரும் பழைய மரங்கள் ஆகியவற்றைக் கைபேசிப் படத்தோடு வரைபடத்தில் குறியுங்கள். கால்வாயின் நீர் ஒரு துறைக்கும், கரை இன்னொரு துறைக்கும், பாலம் வேறொரு துறைக்கும் சொந்தமாக இருப்பது வழக்கம். எந்தப் பகுதி யாருடையது என்பதைத் தகவல் உரிமைச் சட்டம் போன்ற வழிகளில் எழுத்தில் பெறுங்கள். பாதி மனுக்கள் தவறான மேசைக்குப் போய்த்தான் தூங்குகின்றன.

பிறகு, முழுக் கால்வாயையும் கேட்காமல் ஒரு துண்டைக் கேளுங்கள்: ஒரு பாலத்திலிருந்து அடுத்த பாலம் வரை, கழிவுக் குழாய்களைத் திருப்பிவிட்டு, தூர்வாரும் இயந்திரம் செல்லக்கூடிய நான்கு மீட்டர் அகலக் கரைப்பாதை. வேலை நடக்கும் நாட்களில் அது இயந்திரத்துக்கான வழி, மற்ற நாட்களில் உங்களுக்கான வழி என்பதால், நீர்த்துறைக்கும் அதில் தேவை இருக்கும். பாதையின் ஒரு பக்கத்தில் மட்டும் மரம் நடுங்கள், இயந்திரத்தின் கை நீர்ப்பக்கம் தடையின்றித் திரும்ப வேண்டும். இருக்கைகளையும் மேடைகளையும் எங்கே வைப்பது என்பதை இப்போதே முடிவு செய்ய வேண்டியதில்லை. ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கடந்த பிறகு, மக்கள் எங்கே நின்று பேசுகிறார்கள், குழந்தைகள் எந்த நிழலில் விளையாடுகிறார்கள், முதியவர்கள் எந்த இடத்தில் களைப்பாறுகிறார்கள் என்பதைப் பார்த்து, அந்த இடங்களில் வையுங்கள்.